முதல் வண்டி கீழே இறங்கக் கூடாது

ஆடி பதினெட்டு, மாலை ஐந்து மணி என்று வைத்துக்கொள்வோம். கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா முடிந்து செம்மேட்டிலிருந்து கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டவர்கள், ஆகாய கங்கை அருவியில் குளித்தவர்கள், மலர்க் கண்காட்சி பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் காரவள்ளிப் பாதையில். மழை தூறுகிறது. நாற்பதாவது வளைவுக்குப் பக்கத்தில், ஐம்பது பேர் வந்த பஸ் ஒன்று தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு சரிவில் உருண்டுவிட்டது.

இது நடந்த சம்பவம் இல்லை. ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் ஒருமுறை ஏறி இறங்கியவர்களுக்கு இதைக் கற்பனை செய்வதில் சிரமம் இருக்காது. அடுத்து நடக்கப்போவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

அரை மணி நேரத்தில் முதல் 108 ஆம்புலன்ஸ் வந்துவிடுகிறது. கூடி நிற்கிறவர்கள், சட்டையெல்லாம் ரத்தமாய் அலறிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தூக்கி வந்து வண்டிக்குள் வைக்கிறார்கள். ‘சீக்கிரம் எடுங்க’ என்று பின்கதவைத் தட்டுகிறார்கள். வண்டி நாமக்கல்லை நோக்கிப் பறக்கிறது. பார்க்கிறவர்களுக்கு நிம்மதி. ஆனால் பெருவிபத்து மருத்துவத்தில் பல நாடுகள் ஒப்புக்கொண்ட முதல் விதி இதற்கு நேர் எதிரானது. முதலில் வந்து சேரும் ஆம்புலன்ஸ் யாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பக் கூடாது. அதில் வந்த இருவரில் ஒருவர் எத்தனை பேர், எங்கே, எந்த நிலையில் என்று பார்த்து மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். மற்றவர் காயமடைந்தவர்களை வகைப்பிரிக்கத் தொடங்க வேண்டும். அடுத்தடுத்து வரும் வண்டிகளில் யார் முதலில் ஏறுவது என்பதை அந்த வண்டிதான் அங்கே நின்று தீர்மானிக்க வேண்டும்.

கேட்கக் கல்நெஞ்சமாகத் தெரியலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியாது. செம்மேட்டிலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பாதி மலையிலிருந்து ஒருவரைக் கொண்டுபோய் மருத்துவமனையில் ஒப்படைத்துவிட்டு மறுபடி மேலே வர, நெரிசல் இல்லாத நாளிலேயே ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ஒரு ஆம்புலன்ஸில் படுக்கவைத்து முறையாகக் கவனித்துக்கொண்டு போகக்கூடியது ஒரே ஒருவரைத்தான். ஐம்பது பேரில் உயிருக்குப் போராடுகிறவர்கள் பதினைந்து பேர், கிடைத்த வண்டிகள் மூன்று என்றால் ஐந்து நடை. கடைசி ஆள் மலையை விட்டுக் கிளம்பும்போது மறுநாள் விடிந்துவிடும். முதல் வண்டி யாரை ஏற்றியது என்பதில் கோட்டைவிட்டால், அந்த வரிசை முழுவதும் தப்பாகிவிடும்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. ஹைதராபாத்தில் 2005-ல் உருவான ஈ.எம்.ஆர்.ஐ. நிறுவனத்துடன் அரசு ஒப்பந்தம் போட்டு நடத்துகிற சேவை இது. மாநிலத்தின் எந்த மூலையிலிருந்து அழைத்தாலும் சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் அழைப்பு போகும். பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநர் ஒருவர், இ.எம்.டி. என்கிற அவசரகால மருத்துவ உதவியாளர் ஒருவர், ஒரு வண்டி, ஒரு நோயாளி என்பதுதான் இதன் அடிப்படை அமைப்பு. வரும் அழைப்புகளில் கணிசமான பங்கு பிரசவத்துக்கானது. கொல்லிமலை போன்ற இடங்களில் இந்தச் சேவை வந்த பிறகு பிழைத்த தாய்மார்களையும் குழந்தைகளையும் நினைத்தால், இதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. நானும் குறை சொல்ல வரவில்லை. ஒருவருக்காக வடிவமைத்த ஏற்பாடு, ஒரே நேரத்தில் ஐம்பது பேர் விழும்போது தானாக விரிந்துகொள்ளாது. அதற்குத் தனியாகத் திட்டம் வேண்டும், தனியாகப் பழக்கம் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

மலை மக்களுக்கு ஆம்புலன்ஸ் என்பது நேற்று வந்தது. அதற்கு முன்னால் கம்பில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, நான்கு பேர் மாறி மாறித் தோள் கொடுத்து இறங்குவார்கள். இதே நாமக்கல் மாவட்டத்தில் ராசிபுரத்துக்குப் பக்கத்துப் போதமலையில் அதுதான் நெடுங்காலம் நடைமுறை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, ரோடு இல்லாததால் வண்டி பாதியில் நின்றுவிட, பெற்ற தாயே சுமந்து நடந்தார். அந்தப் படம் தமிழ்நாட்டையே உலுக்கியது. ரோடு இருக்கிற கொல்லிமலை அந்த வகையில் கொடுத்துவைத்த மலைதான். ஆனால் இங்கேயும் ‘நாடு’ என்று அழைக்கப்படும் பதினான்கு ஊராட்சிகளில் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள் பலவற்றில் வீட்டு வாசலுக்கு வண்டி வராது. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். கீழே பாறையில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்த ஒருவரை மேலே கொண்டுவர எந்த ஆம்புலன்ஸாலும் முடியாது. தூக்குப் படுக்கை ஒன்றும், ஆள் மாற்றி ஆள் தூக்க எட்டுப் பேரும் வேண்டும். அந்த எட்டுப் பேர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மலைகளில் நடந்த பெரிய விபத்துகள் எல்லாமே இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றத்துக்குப் போனவர்களைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் பலியான அந்தச் சம்பவத்தில், அடிவாரத்தில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. நெருப்புக்குள் சிக்கியவர்களோ செங்குத்தான சரிவில், இருட்டில். முதலில் மேலே ஏறிப்போனவர்கள் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். போர்வையிலும் கம்பிலும் தூளி கட்டித் தீக்காயம் பட்டவர்களைச் சுமந்தார்கள். 2021 டிசம்பர் 8-ல் குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் போன ஹெலிகாப்டர் விழுந்தபோதும் அப்படியே. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்து. வீடுகளிலிருந்து தண்ணீரையும் போர்வைகளையும் கொண்டு ஓடியவர்கள் அங்கே குடியிருந்த எளிய மக்கள்.

2023 செப்டம்பர் 30-ல் குன்னூர் – மேட்டுப்பாளையம் பாதையில் மரப்பாலம் அருகே தென்காசி மாவட்டச் சுற்றுலாப் பயணிகள் வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். 2024 ஏப்ரல் 30-ல் ஏற்காடு மலைப்பாதையில் தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போயின. ஏற்காட்டின் வளைவுகளை விடக் கொல்லிமலையின் வளைவுகள் பல மடங்கு அதிகம்.

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மருத்துவர்களும் ஆம்புலன்ஸ்களும். அந்தப் பக்கம் காயமடைந்தவர்கள். கூடலூரைச் சேர்ந்த செவிலியர் சபீனா, வெள்ளத்துக்கு மேலே கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டு மருந்துப் பெட்டியோடு மறுகரைக்குப் போனார். அங்கேயே முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு முதலுதவி செய்தார். அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று தமிழ்நாடு அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவருடைய துணிச்சலைப் பாராட்டாதவர்கள் இல்லை. எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. காயமடைந்தவர் மருத்துவத்திடம் வர முடியாதபோது மருத்துவம்தான் அவரிடம் போக வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார். மண் சரிந்து காரவள்ளிப் பாதை அடைபட்டால் கொல்லிமலைக்கும் அதே நிலைமைதான். முள்ளுக்குறிச்சி வழி திறந்திருந்தால் தப்பித்தோம்.

ஆக, மலையில் முதல் ஒரு மணி நேரம் மலையில் இருப்பவர்களுடையது. வாழைத்தார் ஏற்றிப் போகும் பிக்கப் ஓட்டுநர், சோளக்காட்டில் கடை வைத்திருப்பவர், வனக்காப்பாளர், மாலை பஸ்ஸின் கண்டக்டர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர். இவர்களுக்கு ரத்தப்போக்கை நிறுத்தவும், கழுத்தை அசைக்காமல் ஒருவரைத் திருப்பிப் படுக்கவைக்கவும், மூச்சு வழியைத் திறந்துவிடவும் தெரிந்திருந்தால் பல உயிர்கள் ஆம்புலன்ஸ் வரும்வரை தாக்குப்பிடிக்கும். பெருங்காயத்தில் சீக்கிரம் கொல்வது ரத்த இழப்பு. தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். காயத்தின் மேல் துணியை வைத்து, உடம்பின் பாரத்தை எல்லாம் உள்ளங்கையில் இறக்கி, கையை எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், அரை நாள் பயிற்சி போதும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் தொண்டர்களுக்கு 12 நாள் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். மலைப்பாதை ஓரத்து ஊர்கள் ஒவ்வொன்றிலும் பத்துப் பேராவது அப்படிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் போகவில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்ல எண்ணத்தில் உதவியவர் மீது வழக்குப் போட முடியாது என்று தெளிவாகச் சொல்கிறது. தன் பெயரைச் சொல்லும்படி கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இதை எழுதிய பலகையை ஒவ்வொரு வளைவிலும் வைக்கலாம்.

வளைவுகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நல்ல விஷயம் நினைவுக்கு வருகிறது. இந்தப் பாதையில் வளைவுகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். எழுபதில் எத்தனையாவது என்று பலகையே சொல்லும். மலைக்காரர்கள் ‘அம்பதாவது பெண்டுக்குக் கீழே’ என்றுதான் பேசுகிறார்கள். விபத்து நடந்த இடத்தைச் சொல்லத் தெரியாமல் நெடுஞ்சாலைகளில் எத்தனையோ பேர் தவிக்கிறார்கள். இங்கே முகவரி எழுதியே இருக்கிறது. சென்னையில் அழைப்பை எடுப்பவரின் திரையில் இந்த எழுபது எண்களும் வரைபடத்தோடு ஏறியிருக்க வேண்டும். ‘கொல்லிமலை, நாற்பதாவது வளைவு’ என்றதும் மேலிருந்து எந்த வண்டி, கீழிருந்து எந்த வண்டி என்று அவருக்குத் தெரிய வேண்டும். மலையில் செல்போன் டவர் கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால், வாழவந்தி நாடு காவல் நிலையத்தின் வயர்லெஸ்ஸை நம்பிய மாற்று ஏற்பாடும் வேண்டும்.

முதல் வண்டியில் வந்தவர் கொடுக்கும் முதல் தகவல் இன்னும் முக்கியம். பிரிட்டனில் இதற்கென்று ஒரே வரிசையைப் பழக்கிவைத்திருக்கிறார்கள். இது பெருவிபத்தா இல்லையா, சரியான இடம் எது, என்ன நடந்தது, இன்னும் என்ன ஆபத்து இருக்கிறது, வண்டி எந்த வழியாக வரலாம், எத்தனை பேருக்குக் காயம், வேறு எந்தத் துறையெல்லாம் வேண்டும். இந்த ஏழையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். ‘பெரிய ஆக்சிடென்ட் சார், நிறைய வண்டி அனுப்புங்க’ என்ற பதற்றமான குரலுக்கும் இதற்கும் நடுவே இருக்கும் தூரம்தான் பயிற்சி. டீசல் கொட்டியிருக்கிறதா, பஸ் இன்னும் சரிய வாய்ப்பிருக்கிறதா என்று சொல்லாமல் விட்டால், காப்பாற்ற வந்தவர்களும் அதில் மாட்டிக்கொள்வார்கள்.

இனி வகைப்பிரித்தலுக்கு வருவோம். போர்க்களத்தில் பதவியைப் பார்க்காமல் காயத்தின் தீவிரத்தைப் பார்த்து வைத்தியம் செய்யும் வழக்கத்தை நெப்போலியன் படையின் மருத்துவர் லாரே கொண்டுவந்தார். காயம்பட்டவர்களை எடுத்துவர இலகுவான குதிரை வண்டிகளை ஏற்பாடு செய்தவரும் அவரே. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் எளிய முறை ஒன்றை 1983-ல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் தீயணைப்புத் துறையும் ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கின. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடக் கூடாது. முதலில் சத்தமாக, ‘நடக்க முடிஞ்சவங்க எல்லாம் அந்த மரத்தடிக்கு வாங்க’ என்று கூப்பிட வேண்டும். நடந்து வந்தவர்களுக்குப் பச்சைச் சீட்டு. எழ முடியாதவர்களிடம் ஒவ்வொருவராகக் குனிய வேண்டும். மூச்சு இருக்கிறதா? இல்லையென்றால் தலையைச் சற்றே சாய்த்து மூச்சு வழியைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் கறுப்பு. நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் ரத்தச் சிவப்பு திரும்பவில்லையா, அதுவும் சிவப்பு. ‘கையைப் பிடிங்க’ என்றால் பிடிக்கத் தெரியவில்லையா, சிவப்பு. மற்றவர்கள் மஞ்சள், கொஞ்சம் காத்திருக்கலாம்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, அலறுகிறவருக்கு மூச்சு நன்றாக இருக்கிறது என்பது. சத்தமில்லாமல் ஓரமாக உட்கார்ந்து, தண்ணீர் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வெளிறிய முகக்காரருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். கூட்டம் அவரைப் பார்க்காது, பழகிய இ.எம்.டி. பார்ப்பார். கறுப்புச் சீட்டைக் கட்டுவதுதான் இதில் கொடுமையான வேலை. வேறு நாளாக இருந்தால் அரை மணி நேரம் நெஞ்சை அழுத்திப் போராடியிருப்பார். அன்றைக்கு ஒரு குழந்தையைக் கூட விட்டுவிட்டு அடுத்தவரிடம் போயாக வேண்டும். இந்த முடிவை அந்த நிமிடத்தில் புதிதாக எடுக்கச் சொல்வது அநியாயம். பழகியிருக்க வேண்டும், அந்த முடிவுக்குத் துறை துணை நிற்கும் என்ற உறுதி அவருக்கு இருக்க வேண்டும். பிறகு அவர் தூங்குவதற்கு ஆலோசனை உதவியும் வேண்டும். தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பகுதிகள் பிரித்து ஏற்கெனவே நடைமுறையில் இருக்கின்றன. அதே நிறங்கள் மலைப்பாதைக்கும் வர வேண்டும். எல்லா 108 வண்டியிலும், எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு கட்டு நிறச் சீட்டு இருப்பதற்கு என்ன பெரிய செலவாகிவிடப் போகிறது?

மலை இறங்கும் வண்டிக்குள் நடப்பது சமவெளியில் இருப்பவர்கள் யோசித்துப் பார்க்காத ஒன்று. ஆம்புலன்ஸில் நோயாளியைத் தலை முன்பக்கம் வருகிற மாதிரித்தான் ஏற்றுவார்கள். வண்டி இறங்கும்போது முன்பக்கம் தாழும். நோயாளியின் தலையும் தாழும். தலையில் அடிபட்டு மூளை வீங்கிக்கொண்டிருப்பவருக்கு இது ஆபத்து, மண்டைக்குள் அழுத்தம் ஏறும். சமதரையில் முப்பது டிகிரி தலையை உயர்த்தி வைப்பது வழக்கம் என்றால், இறக்கத்தில் அதற்கும் மேலே உயர்த்தினால்தான் கணக்கு சரியாகும். முதுகெலும்பும் அடிபட்டிருந்தால் முதுகை மடக்கவே கூடாது, அப்போது பலகையோடு சேர்த்துத் தலைப்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் இ.எம்.டி. ஒரு காலை எதிர்ச் சீட்டில் ஊன்றி, ஒரு கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆம்பு பையை அழுத்தி மூச்சுக் கொடுக்கிறார். நோயாளி வாந்தி எடுத்தால் உடனே பக்கவாட்டில் திருப்ப வேண்டும், இல்லையென்றால் அது நுரையீரலுக்குள் போய்விடும். முன்னால் பைலட் இரண்டாவது கியரிலேயே இறக்குகிறார். பிரேக்கையே நம்பி இறக்கினால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். சைரன் போட்டாலும் இங்கே வேகம் எடுக்க முடியாது. வேகமாகப் போவதால் மிச்சமாகும் ஐந்து நிமிடத்தை விட, ஆடாமல் போவதால் மிச்சமாகும் மூச்சு பெரியது என்பது மலை வண்டி ஓட்டுகிற பைலட்டுகளுக்குக் கைவந்த அறிவு. சமவெளியிலிருந்து அவசரத்துக்கு அனுப்பப்படும் வண்டியின் ஓட்டுநருக்கு அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சேந்தமங்கலம், ராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கத்து வண்டிகளின் ஓட்டுநர்களும் இந்தப் பாதையில் பகலிலும் இரவிலும் பழகிவைத்திருக்க வேண்டும்.

ஆக்சிஜனும் கணக்குதான். பி வகை சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொடுத்தால் இரண்டரை மணி நேரம். அதே சிலிண்டரை இருவருக்குப் பிரித்தால் ஒன்றேகால் மணி நேரம். பாதை அடைத்துக்கொண்டால் வழியிலேயே தீர்ந்துவிடும்.

அதனால்தான் எல்லாரையும் நேராக நாமக்கல்லுக்கு என்ற எண்ணத்தை மாற்ற வேண்டும் என்கிறேன். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பவர்காட்டிலும் வாழவந்தி நாட்டிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. மலையின் மேல்பாதியில் விபத்து நடந்தால் சிவப்புச் சீட்டுக்காரர்களை முதலில் மேலே செம்மேட்டுக்குக் கொண்டுபோய், ரத்தப்போக்கை நிறுத்தி, மூச்சுக் குழாய் போட்டு, நிலைப்படுத்தி, பிறகு அனுப்புவது நல்லது. வண்டியும் சீக்கிரம் விபத்து இடத்துக்குத் திரும்பிவிடும். எந்த வளைவுக்கு மேலே என்றால் செம்மேடு, எந்த வளைவுக்குக் கீழே என்றால் சமவெளி என்று ஒரு கோட்டை மருத்துவர்களும் பைலட்டுகளும் உட்கார்ந்து பேசி முன்பே போட்டுவிட வேண்டும். அன்றைக்கு விவாதிக்க நேரம் இருக்காது.

செம்மேட்டில் பெரிய அறுவை அரங்கு வேண்டும் என்று கேட்பது நடக்காத காரியம். ஆனால் டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மலிவான ஊசி மருந்து இருக்கிறது. 2010-ல் வெளியான கிராஷ்-2 ஆய்வு இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட காயமடைந்தவர்களிடம் நடந்தது. ரத்தம் இழந்துகொண்டிருப்பவருக்கு மூன்று மணி நேரத்துக்குள் இதைக் கொடுத்தால் சாவு குறைகிறது என்று அது காட்டியது. சமவெளிக்குப் போய்ச் சேரவே நேரம் கரைந்துவிடும் மலைக்கு அந்த மூன்று மணி நேரம் மிகப் பெரிய விஷயம். பிரசவத்தில் இதே யோசனையைத் தமிழ்நாடு ஏற்கெனவே செய்திருக்கிறது. வலி வந்த பிறகு வண்டியைத் தேடாமல், நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே தங்கவைக்க மலைப்பகுதி சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகள் வந்தன. மலைக்கு மலையின் கணக்கு வேறு என்று அரசு ஒத்துக்கொண்ட இடம் அது.

கீழே கொண்டுபோகும்போதும் எல்லாரையும் ஒரே வாசலில் கொட்டக் கூடாது. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராசிபுரம் அரசு மருத்துவமனை இருக்கிறது. முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கினால் ராசிபுரத்தைத் தாண்டிச் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மூளை அறுவை தேவைப்படுகிறவர் இடையில் எங்கும் நிற்காமல் அங்கே போக வேண்டும். பச்சைச் சீட்டுக்காரர்களை ஒரு செவிலியர் துணையோடு வேறொரு பஸ்ஸில் ஏற்றிச் சற்றுத் தள்ளியிருக்கும் மருத்துவமனைக்கு அனுப்பலாம். அவர்கள் முதலில் போய் அருகிலிருக்கும் மருத்துவமனையை நிறைத்துவிட்டால், பின்னால் வரும் சிவப்புச் சீட்டுக்காரருக்குப் படுக்கை இருக்காது. 2025 செப்டம்பர் 27-ல் பக்கத்துக் கரூரில் நெரிசலில் 41 பேர் இறந்த இரவு, பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் மருத்துவர்களை வரவழைக்க வேண்டியிருந்தது. ஒரு மாவட்டத்தின் பெருவிபத்து ஒரு மாவட்டத்தோடு முடிவதில்லை.

அன்றைக்குப் பாதை யார் கையில் இருக்கும் என்பது அடுத்த கேள்வி. வரும் ஆம்புலன்ஸ்கள் எல்லாம் விபத்து வளைவுக்கே வந்து நின்றால் ஒன்றும் நகராது. சில வளைவுகள் தள்ளி அகலமான இடத்தில் வரிசையாக, கிளம்பும் திசையைப் பார்த்து, ஓட்டுநர் சீட்டை விட்டு இறங்காமல் காத்திருந்து, கூப்பிடக் கூப்பிட ஒவ்வொன்றாக வர வேண்டும். சோளக்காட்டிலும் காரவள்ளியிலும் மற்ற வண்டிகளை உடனே நிறுத்த வேண்டும். நாமக்கல் லாரிக்குப் பேர்போன ஊர். பாடி கட்டும் பட்டறைகளில் இரும்பை வெட்டத் தெரிந்த கைகளும் கிரேன்களும் அங்கே இருக்கின்றன. நசுங்கிய பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டவரை எடுக்கத் தீயணைப்பு வீரர்களுக்கு அவர்கள் துணை தேவைப்படும். யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியல் இப்போதே எழுதப்பட்டிருந்தால்தான் அன்றைக்குப் பயன்படும்.

காவல்துறை, தீயணைப்பு, வனத்துறை, வருவாய்த்துறை, நெடுஞ்சாலை, மருத்துவம் என்று ஆறு துறைகள் ஒரே வளைவில் வந்து நிற்கும். 2005-ம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்துக்குத் தலைமை ஆட்சியர். அவர் நாமக்கல்லிலிருந்து வரும்வரை அந்த வளைவில் யார் சொல்வதைக் கேட்பது? வசதியில்லாததால் வரும் தடுமாற்றமாக இதை நினைக்கக் கூடாது. 2017 மே 22-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். பணத்துக்கோ கருவிக்கோ பஞ்சமில்லாத நகரம். ஆனாலும் துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. தீயணைப்புத் துறையினர் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. குண்டு வெடித்த இடத்துக்குள் போன பாராமெடிக்குகள் மூன்று பேர்தான். காயமடைந்தவர்களை விளம்பரப் பலகைகளின் மேலும் இரும்புத் தடுப்புகளின் மேலும் வைத்துத் தூக்கிப்போனார்கள். சர் ஜான் சாண்டர்ஸ் நடத்திய பொது விசாரணை 2022-ல் இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியது. சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்திருந்தால் ஒருவர் பிழைத்திருக்கக்கூடும் என்றும் சொன்னது. அதனால் இந்த மலையில் கொல்லிமலை வட்டாட்சியரோ, ஒரு காவல் ஆய்வாளரோ, யாராவது ஒருவர் பெயர் எழுதிவைக்கப்பட வேண்டும். மருத்துவ முடிவுகளில் முதல் வண்டி இ.எம்.டி.யின் சொல்லைப் பதவியைக் காட்டி யாரும் மாற்றக் கூடாது என்பதும் எழுதப்பட வேண்டும்.

இதெல்லாம் காகிதத்தில் இருந்தால் போதாது. ஒத்திகை வேண்டும். காலை பத்து மணிக்கு எல்லாருக்கும் சொல்லிவைத்து, வெயிலில், மைதானத்தில் நடத்தும் ஒத்திகையால் கொல்லிமலைக்குப் பயன் குறைவு. மாலை இருட்டத் தொடங்கும் நேரத்தில், வளைவு ஒன்றில், கல்லூரி மாணவர்கள் காயமடைந்தவர்களாகப் படுத்துக்கொள்ள, முன்னறிவிப்பு இல்லாமல் 108-க்கு அழைக்க வேண்டும். முதல் அழைப்பிலிருந்து முதல் தகவலுக்கு எத்தனை நிமிடம், எல்லாருக்கும் சீட்டுக் கட்ட எத்தனை நிமிடம், கடைசிச் சிவப்புச் சீட்டுக்காரர் செம்மேடு போய்ச் சேர எத்தனை நிமிடம் என்று மூன்றையும் குறிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் பைலட்டுகளையும் இ.எம்.டி.க்களையும் அவர்கள் விடுமுறையைப் பறித்து இதற்கு இழுக்காமல், வேலை நேரமாகவே கணக்கில் வைக்க வேண்டும். அன்று மற்ற அழைப்புகளைப் பார்க்க மாற்று வண்டியும் நிறுத்த வேண்டும்.

நாள்காட்டி இதற்கு ஏற்கெனவே தோதாக இருக்கிறது. மே 1 கிராம சபையில் பதினான்கு நாடுகளும் தங்கள் தொண்டர்களின் பெயர்களைத் தீர்மானமாக எழுதலாம். ஜூனில் பயிற்சி. ஓரி விழாவுக்கு முன்னால் ஜூலையில் ஒத்திகை. ஒத்திகையில் குறித்த அந்த மூன்று நேரக் கணக்குகளையும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் மக்கள் முன்னால் படித்துக்காட்ட வேண்டும். போன ஆண்டை விட நேரம் குறைந்திருக்கிறதா என்று வாழவந்தி நாட்டிலும் வளப்பூர் நாட்டிலும் எழுந்து நின்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எதிரில் உட்கார்ந்திருப்பார்.